கேளுங்க சொல்றேன்: மெட்ராஸ் வந்து சேராத பீங்கான்

போன இதழ்ல ஒரு ஓரமா நாலு வரி போட்டிருந்தேன். 1817-ல சீனாவுல கேன்டன்ல இருந்து மெட்ராஸுக்குக் கிளம்புன டயானாங்கிற கப்பல் மலாக்கா பக்கம் பாறையில மோதி முங்கிப்போச்சு, அதுல இருந்த பீங்கான் தட்டு, கோப்பையெல்லாம் 1990-கள்ல தான் மேல வந்துச்சுன்னு. அம்புட்டுத்தான் எழுதினேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவை முழுக்க பீங்கான் தான். பட்டா மாறுதல் கேட்டவங்களும் மூட்டு வலிக்குக் கேட்டவங்களும் ஒரு மாசம் பொறுத்துக்கங்க.

கேள்வி (திருமங்கலம் வாசகி): மகன் சிங்கப்பூர்ல வேலை பாக்குறான். போயிருந்தப்ப ஆத்தோரமா இருக்குற ஆசிய நாகரிக மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனான். கடல்ல இருந்து எடுத்த கிண்ணமா ஒரு ரூம் முழுக்க வச்சிருக்காங்க. நல்லா இருக்குறதை வச்சா சரி, உடைஞ்சதையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு லைட்டு போட்டிருக்காங்களே, அதுல என்னங்க இருக்கு? எங்க வீட்டுல உடைஞ்சா முறத்துல அள்ளி வெளிய கொட்டிருவோம்.

பதில்: அக்கா, நீங்க பாத்தது பெலித்துங் கப்பலோட சரக்கு. 1998-ல இந்தோனேசியாவுல பெலித்துங் தீவு பக்கம் கடல் அட்டை எடுக்க முங்குன ஆளுங்க கண்ணுல பட்டது (நம்ம ராமேஸ்வரம் பக்கம் கடல் அட்டை எடுத்தா கேஸு, அங்க எடுக்கப் போனவங்களுக்குக் கப்பலே கிடைச்சிருக்கு). கப்பல் அரபு நாட்டு மாடல், ஆணியே அடிக்காம பலகைக்குப் பலகை கயித்தைக் கோத்துத் தச்சது. உள்ள சுமார் 60,000 பீங்கான் சாமான், அதுல முக்கால்வாசிக்கு மேல சீனாவுல சாங்ஷாங்கிற ஊர்ச் சூளையில சுட்ட சாதாரண கிண்ணம். ஒரு கிண்ணத்துல யாரோ ஒரு புண்ணியவான் தேதியைக் கீறி வச்சிருக்கான், நம்ம கணக்குக்கு கி.பி. 826. அந்த ஒத்தைக் கிண்ணத்தாலதான் கப்பல் எந்தக் காலத்துதுன்னு இம்புட்டு உறுதியா சொல்ல முடியுது. 2005-ல சிங்கப்பூர் இந்தச் சரக்கை 32 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்குச்சு.

இப்ப உடைஞ்சதுக்கு வருவோம். மாட்டுத்தாவணியில தர்பூசணி வாங்குறப்ப கடைக்காரர் ஒரு முக்கோணத் துண்டு வெட்டி எடுத்து சிவப்பைக் காட்டுவாருல்ல, மேல தோலைப் பாத்தா எல்லாப் பழமும் ஒண்ணுதான், வெட்டுனாத்தான் உள்ள என்னன்னு தெரியும். பீங்கானும் அப்படித்தான். முழுசா இருக்குற கிண்ணம் மேல்பூச்சு போத்திக்கிட்டு கமுக்கமா உக்காந்திருக்கும், உடைஞ்ச ஓட்டோட விளிம்புல பாத்தீங்கன்னா மண்ணு சாம்பல் நிறமா, மஞ்சளா, சுத்த வெள்ளையா, மணல் கலந்ததா, கிளேஸ் (அந்த மேல்பூச்சுதான்) எம்புட்டு தடிமன், அதுக்குக் கீழ வெள்ளை மண் கரைசல் ஒரு பூச்சு பூசியிருக்கானா, சூட்டுல நல்லா வெந்ததா இல்ல நடுவுல பச்சையா நின்னுபோச்சா எல்லாமே வரிவரியா தெரியும். எந்த ஊரு மண்ணுன்னு கெமிக்கல் டெஸ்ட் பண்ண சுரண்டி எடுக்கணும்னா முழுசா இருக்குறதைச் சுரண்ட எந்த மியூசியமும் விடாது, ஓட்டுலதான் கை வைக்க விடுவாங்க.

இன்னொண்ணு இருக்கு. அந்தக் கப்பல்ல கிண்ணத்தை எப்படி ஏத்துனாங்கன்னா, நம்ம வீட்டுல தண்ணி ரொப்புற சால் மாதிரி பெரிய பெரிய ஜாடிக்குள்ள, கிண்ணத்து மேல கிண்ணமா, சுத்திச் சுத்தி மேல ஏறுற மாதிரி அடுக்கி ஒரு ஜாடிக்கு நூறுக்கு மேல திணிச்சிருக்காங்க. ஜாடி உடைஞ்சு பக்கவாட்டுல வாயைப் பொளந்ததாலதான் உள்ள அடுக்குன வரிசை கலையாம அப்படியே கண்ணுக்குத் தெரிஞ்சுது. கூடவே அன்னாசிப்பூவும் கிடைச்சிருக்கு, நாம பிரியாணிக்குப் போடுறோமே அதே தான், 1200 வருஷம் கடலுக்கடியில கிடந்தும் எட்டு இதழும் தெரியுது. அடுத்த தடவை போனா அதைத் தேடிப் பாருங்க, அதே கப்பல்ல கிடைச்ச தங்கக் கோப்பையை விட எனக்கு அது பிடிக்கும்.

கேள்வி (மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்): வலையில ஒரு கிண்ணம் மூணு துண்டா ஏறுச்சு. பச்சை கலர், மேல சிப்பி ஒட்டியிருந்துச்சு. ஆசிட் போட்டுக் கழுவி சூப்பர் க்ளூ வச்சு ஒட்டி ஷெல்ஃப்ல வச்சேன். ரெண்டு மாசத்துல வெள்ளையா பவுடர் மாதிரி வருது, மேல்பூச்சு செதில் செதிலா உரியுது. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, வருத்தப்படாதீங்க, ஆனா செஞ்சது மூணும் தப்பு.

வெள்ளையா வருது பாருங்க, அது வேற ஒண்ணும் இல்ல, சுவர்ல உப்பு பூக்கும்ல, அதேதான். கடல்ல வருஷக்கணக்கா ஊறுன மண்ணுக்குள்ள, கிளேஸ்ல இருக்குற மயிரிழை விரிசல் வழியா, உப்புத்தண்ணி புகுந்து நிக்கும். வெளிய எடுத்து வெயில்ல வச்சா தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு போகாது, உள்ளயே கல்லாக் கட்டிக்கும். கட்டுறப்ப அது பெருக்குறதுக்கு இடம் வேணும், மேல இருக்குற கிளேஸைத் தள்ளிக்கிட்டுத்தான் வெளிய வரும். மழைக்காலத்துல ஈரம் பட்டா கரையும், வெயில் வந்தா திரும்ப கட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உரிச்சு எடுத்துரும். அதனாலதான் கடல்ல இருந்து எடுக்குறவங்க முதல் நாள்ல இருந்தே காய விடமாட்டாங்க. எடுத்த கடல் தண்ணியிலயே முக்கி வச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணி கலந்து, கடைசியில டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி உப்பு எவ்வளவு இறங்குதுன்னு மீட்டர் வச்சு அளந்துக்கிட்டே இருப்பாங்க. வாரம் இல்ல, மாசக்கணக்குல ஆகும். அப்புறமா நிழல்ல, மெதுவா காய வைப்பாங்க. 1,300 டிகிரி பக்கம் சுட்ட அசல் போர்சலின்னா உள்ள தண்ணி குடிக்காது, தப்பிச்சுக்கும். குறைஞ்ச சூட்டுல சுட்ட மண்ணு தான் பஞ்சு மாதிரி உறிஞ்சும்.

ஆசிட் விஷயம். சிப்பியும் பவளமும் சுண்ணாம்பு தான், ஆசிட்ல நுரைச்சுக்கிட்டுக் கரையும், பாக்க வேடிக்கையா இருக்கும். ஆனா அதே ஆசிட் கிளேஸையும் அரிக்கும், மேல தீட்டுன கலரையும் கொண்டு போயிரும். தண்ணியில ஊற வச்சுட்டு மர ஊசியோ மூங்கில் குச்சியோ வச்சுப் பொறுமையா நெம்புறதுதான் நல்லது, போகலைன்னா விட்டுருங்க, அது அழகுதான்.

சூப்பர் க்ளூ பத்தி நானே சொல்றேன் கேளுங்க. எங்க அப்பத்தாவோட ஊறுகாய் ஜாடி, மேல காப்பிப்பொடி கலர் கீழ வெள்ளை, நான் தான் பரண்ல இருந்து இறக்குறப்ப போட்டு உடைச்சேன். ஏழு துண்டு. அவசரத்துல கடையில டியூப் வாங்கி ஒண்ணு ஒண்ணா ஒட்டிக்கிட்டே வந்தேன், முதல் ரெண்டு துண்டு ஒரு நூல் தள்ளி உக்காந்துருச்சு, அந்தப் பசைக்குக் கையெடுக்க நேரமே கிடையாது, பத்து செகண்டு தான். கடைசித் துண்டு வந்தப்ப அதுக்கு இடமே இல்ல, அரிசி மணி அளவுக்கு இடிக்குது. இன்னைக்கும் அந்த ஏழாவது துண்டு தனியா டப்பாவுல கிடக்கு, ஜாடி ஜன்னல் வச்ச மாதிரி நிக்குது. மியூசியத்துல பாராலாய்ட் பி-72-ன்னு ஒரு பசை வச்சிருக்காங்க, அசிட்டோன்ல கரையும் (நெயில் பாலிஷ் அழிக்கிறதுல வாசம் அடிக்குமே அது), அதனால தப்பா ஒட்டுனா திரும்ப எடுத்து சரி பண்ணலாம். அதுக்கும் முன்னாடி பசையே இல்லாம டேப் போட்டு எல்லாத் துண்டையும் ஒரு தடவை கூட்டிப் பாத்துட்டு, எது முதல் எது கடைசின்னு நம்பர் போட்டுட்டுத்தான் தொடங்குவாங்க.

இனி நீங்க செய்ய வேண்டியது: உரியுறதை நிறுத்த நீங்களே எதுவும் பண்ணாதீங்க, தண்ணியிலயும் திரும்ப போடாதீங்க, உரிஞ்ச கிளேஸ் தண்ணி பட்டா மொத்தமா கழண்டு வந்துரும். ஒரு டப்பாவுல பஞ்சு வச்சு அசையாம வச்சுட்டு ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துல இருக்குற தொல்லியல் துறை ஆளுங்களைப் போய்ப் பாருங்க. 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972 சட்டப்படி அது தொல்பொருள், லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்ணக்கூடாது, தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. எந்த இடத்துல வலை போட்டீங்கன்னு ஜிபிஎஸ்ல இருந்தா எழுதி வச்சுக்கங்க, கிண்ணத்தை விட அதுதான் முக்கியம். 1975-ல தென் கொரியாவுல சினான் பக்கம் ஒரு மீனவர் வலையிலயும் இதே மாதிரி பீங்கான் தான் ஏறுச்சு. அந்த இடத்தைத் தேடிப் போனா 1323-ல முங்குன கப்பல், 20,000-க்கு மேல பீங்கான், 28 டன் செப்புக் காசு.

கேள்வி (காளவாசல் வாசகர்): காரைக்குடியில பழைய சாமான் கடையில நீலப்பூ போட்ட தட்டு ஒண்ணு, ஓரம் உடைஞ்சது, வாங்கினேன். கப்பல்ல இருந்து வந்ததுன்னு கடைக்காரர் சொன்னார். நிஜமா?

பதில்: கப்பல்ல வந்திருக்கும், சந்தேகமே இல்ல. முங்குன கப்பலான்னு கேட்டீங்கன்னா அதுதான் இடிக்குது. பர்மா, மலேயா போய் சம்பாதிச்ச செட்டியார் வீடுகளுக்கு சீனா, ஜப்பான், ஐரோப்பாவுல இருந்து வந்த பீங்கானுக்குக் கணக்கே கிடையாது, வீடு பாகம் பிரிக்கிறப்ப அதெல்லாம் கடைக்கு வரும். உங்களுதும் பெரும்பாலும் அந்த வகையா இருக்கும், அதுவும் மட்டமில்ல.

கடல்ல கிடந்ததுன்னா மணல் உரசி உரசி கிளேஸ் ஒரு பக்கம் மட்டும் மங்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி இருக்கும், மண்ணுக்குள்ள புதைஞ்ச பக்கம் பளபளன்னே இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலா இருந்தா ஆசிட்ல முக்கி எடுத்திருக்கலாம், அந்த வேலையும் நடக்குது. ஒட்டியிருக்குற சிப்பியை ஊசியால லேசா தட்டிப் பாருங்க, தானா வளர்ந்ததுன்னா அடி கிளேஸோட படிஞ்சு போயிருக்கும், பசை வச்சு ஒட்டுனதுன்னா அடியில இடைவெளியும் பசைப் பிசுக்கும் தெரியும். அப்புறம் நம்ம ஆத்தாமாரு மானாமதுரைப் பானை வாங்குறப்ப விரலை மடக்கிச் சுண்டிப் பாப்பாங்கள்ல, அதையும் பண்ணுங்க. கணீர்னு வந்தா நல்லா வெந்தது, சொத்துன்னு வந்தா எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கு, இல்லாட்டி ஒட்டி பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

கேள்வி (எஸ்.எஸ். காலனி வாசகர்): டயானா பீங்கானை ஏலம் விட்டாங்களாமே. மெட்ராஸுக்கு வர வேண்டிய சரக்கு நமக்கு வந்திருக்க வேண்டாமா?

பதில்: ஆசை நியாயமானது, ஆனா முங்குனது மலாக்கா ஓரம், நாம எந்த முகத்தை வச்சுக் கேக்குறது. 1995-ல ஆம்ஸ்டர்டாம்ல கிறிஸ்டீஸ் கம்பெனி ஏலம் விட்டுச்சு, இருபதாயிரத்துக்கு மேல சாமான். இதுக்கு வழி போட்டது 1986 ஏலம். டச்சு கம்பெனியோட கெல்டர்மால்சன் கப்பல் 1752 ஜனவரியில முங்குனது, அதுல இருந்து கிட்டத்தட்ட ஒண்ணரை லட்சம் பீங்கான். எப்படி அம்புட்டும் உடையாம இருந்துச்சுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச சமாச்சாரம்: சரக்குல பெரும் பங்கு டீத்தூள், கப்பல் முங்குனதும் அந்த டீத்தூள் பீங்கான் மேல சரிஞ்சு மெத்தையா மூடிக்கிச்சு.

ஏலம் பத்தி என் கருத்தைக் கேட்டா, எனக்கு அது வயித்தெரிச்சல். முழுசா இருந்த தட்டு ஆளுக்கு ஒண்ணா ஊர் உலகமெல்லாம் போயிருச்சு, எது எந்த மூலையில எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுங்கிற விவரம் அம்புட்டும் கலைஞ்சுபோச்சு. உடைஞ்சதுக்கு விலை கிடையாதுங்கிறதால அதை எடுக்கக்கூட பல இடத்துல யாரும் மெனக்கெடல. 2001-ல யுனெஸ்கோ ஒரு உடன்படிக்கை கொண்டு வந்து, 100 வருஷம் தண்ணிக்குள்ள கிடந்ததை வியாபாரத்துக்காகக் கிளறக்கூடாதுன்னு சொல்லிருச்சு, ஆனா கையெழுத்துப் போட்ட நாட்டுக்குத்தான் அது. சீனா பண்ணுனது வேற மாதிரி, நன்ஹாய்-1-ங்கிற கப்பலை 2007-ல மண்ணோட மண்ணா ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு அப்படியே தூக்கி மியூசியத்துக்குள்ள கொண்டு வந்து, உக்காந்து வருஷக்கணக்கா தோண்டுனாங்க. காசு இருக்கு, பண்ணுறாங்க.

கேள்வி (மேலூர், பிளஸ் ஒன் மாணவி): நம்ம பக்கம் இது மாதிரி எதுவும் கிடைச்சிருக்கா சார்?

பதில்: இருக்கும்மா. பாண்டியர் காலத்துல சீனப் பீங்கான் இறங்குன ஊர் உனக்குப் பக்கத்துலதான் இருக்கு, கீழக்கரை தாண்டி பெரியபட்டினம். 1980-கள்ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஜப்பான் ஆய்வாளர்களும் சேர்ந்து பாத்தப்ப 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடு, குறிப்பா அந்தப் பச்சை மெருகு போட்டது, நிறையக் கிடைச்சுது. அதுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி போனா, வைகை கடல்ல சேர்ற இடத்துல அழகன்குளம். ரோமானிய மதுச்சாடி ஓடு, கூடவே ஒரு பானை ஓட்டுல யாரோ கப்பல் படத்தைக் கீறி வச்சிருக்காங்க.

போனதும் உண்டு. எகிப்துல செங்கடல் கரையில குசெய்ர் அல்-காதிம்னு ஒரு பழைய துறைமுகம், அங்க கிடைச்ச ஓட்டுல தமிழ் பிராமியில கணன், சாதன்னு பேரு இருக்கு. இன்னொரு ஓட்டுல "பானை ஒறி"ன்னு எழுதியிருக்கு. ஒறின்னா நம்ம உறிதான், வெண்ணெய்ப் பானை தொங்க விடுவோமே அது. செங்கடல் ஓரத்துல உக்காந்து நம்ம ஆளு ஒருத்தன் உறியில பானையைத் தொங்க விட்டிருக்கான்! முங்குன கப்பல் வேணும்னா இலங்கைத் தெக்குக் கரையில கொடவாயா, சுமார் 2000 வருஷம் பழசு, 30 மீட்டருக்கும் கீழ கிடக்கு, கருப்பு சிவப்புப் பானை ஓடும் கண்ணாடிக் கட்டியும் எடுத்திருக்காங்க. அதே கருப்பு சிவப்பு ஓட்டைத்தான் நீ கீழடி மியூசியத்துல பாப்ப.

கீழடி போனா ஒரு விஷயம் கவனி. உடைஞ்ச பானை ஓட்டை ஓரம் தேச்சு வட்டமாக்குன சில்லு வரிசையா வச்சிருப்பாங்க. நாங்க சின்னப்புள்ளையில பாண்டி விளையாட கல்லுல தேச்சுத் தேச்சுப் பண்ணுவோம், விரல் தேயும். அதே சைஸு, அதே தேய்ப்பு.

கேள்வி (வில்லாபுரம் வாசகி): உடைஞ்ச பீங்கான் வீட்டுல இருந்தா தரித்திரம்னு மாமியார் சொல்றாங்க. அப்புறம், பீங்கான் தமிழ் வார்த்தையா?

பதில்: தரித்திரம் வருதோ இல்லையோ, கால்ல குத்தும், அந்த அளவுக்கு மாமியார் சொல்றது சரி. பீங்கான் பாரசீகத்துல இருந்து வந்த சொல்லு. சீனாவுல செஞ்ச சாமானுக்கு பாரசீகப் பேரு வச்சு தமிழ்ல கூப்பிடுறோம், நடுவுல யாரு கொண்டு வந்து வித்தாங்கன்னு இதுலயே தெரியுதுல்ல.

கேள்வி (விளாங்குடி வாசகர்): வீட்டுக்கு வாணம் தோண்டுறப்ப நீலக்கோடு போட்ட ஓடு ஒண்ணு வந்துச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன், எந்தக் காலம்னு சொல்லுங்க.

பதில்: அண்ணே, போட்டோவுல ஓட்டை விட உங்க கட்டை விரல் தான் நல்லா தெரியுது. நிழல்ல வச்சு, பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வச்சு, மேல் பக்கம் ஒண்ணு, அடிப் பக்கம் ஒண்ணு, உடைஞ்ச விளிம்பைக் கிட்டக்க ஒண்ணுன்னு மூணு போட்டோ எடுத்து அனுப்புங்க. கழுவுறேன்னு ஆசிட் கீசிட் போட்றாதீங்க. எந்த ஆழத்துல வந்துச்சுன்னு மேஸ்திரிகிட்ட கேட்டு எழுதுங்க, அவர் அடுத்த சோலிக்குப் போறதுக்குள்ள.